முகத்துக்கு அளவெடுக்கும் தெரு

டோக்கியோ மாநகரின் சியோதா வட்டாரத்தில், காந்தா ஆற்றின் வடகரையை ஒட்டி அமைந்துள்ள அகிஹாபரா என்னும் வணிகப் பகுதி, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வானொலிக் குழல்களில் தொடங்கி, தொலைக்காட்சி, கணினி, விளையாட்டுக் கருவி என ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக விரும்பிய மின்பொருளைத் தன் கடைகளில் அடுக்கி வைத்து வந்துள்ளது. அந்த வரிசையில் அண்மையில் இடம்பிடித்திருப்பது, கண்களை முழுதாக மூடிக்கொண்டு அணிபவரை வேறோர் உலகுக்குள் கொண்டுசெல்லும் மெய்நிகர் உண்மை ஹெட்செட் ஆகும். இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் காட்டும் திரை, அப்படத்தைப் பார்வைக்கு ஏற்ற தொலைவுக்குத் தள்ளிக் காட்டும் வில்லைகள், தலையும் கையும் எங்கே இருக்கின்றன என்பதை இடைவிடாமல் கணிக்கும் சிறு கேமராக்கள், இவற்றையெல்லாம் இயக்கும் சில்லு, மின்கலம் ஆகியவை ஒரே உறைக்குள் அடங்கிய கருவி அது. உயர்தரக் கருவிகள் பல இலட்சம் யென் வரை விற்கப்படும் இச்சந்தையில், 50,000 யென்னுக்கு உட்பட்ட தொகையோடு, கணினியிலிருந்து நீளும் கம்பி இல்லாத ஒரு ஹெட்செட்டைத் தேடி வருபவருக்கு, அகிஹாபராவைச் சுற்றி வரும் அரைநாள் நடை ஒன்றே நல்ல பாடமாக அமைகிறது. ஏனெனில் இங்கே பொருளைப் பற்றிப் படிப்பதற்கு மேலாக, அதைக் கையில் எடுத்துத் தலையில் அணிந்து பார்க்கும் வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

நடையை அகிஹாபரா நிலையத்தில் தொடங்காமல், மேற்கே ஒரு நிறுத்தம் தள்ளியுள்ள ஓசானோமிசுவில் தொடங்குவது நல்லது. அங்கே காந்தா ஆற்றின் ஆழ்ந்த பள்ளத்தின் மேல் 1927-இல் கட்டி முடிக்கப்பட்ட ஹிஜிரிபாஷி என்னும் வளைவுப் பாலம் நிற்கிறது. தென்கரையில் ஆர்த்தடாக்ஸ் கிறித்துவர்களின் நிக்கோலாய் பேராலயமும் வடகரையில் கன்பூசியஸுக்கு எழுப்பப்பட்ட யுஷிமா செய்தோவும் இருப்பதால், இரண்டு புனித இடங்களை இணைக்கும் பாலம் என்ற பொருளில் அப்பெயர் அமைந்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவரருகே நின்றால், சூவோ, சோபு தடங்களின் இரயில்கள் கரையோரம் செல்வதும், மாருநோஉச்சி சுரங்கத் தடத்தின் இரயில் ஒரு கணம் வெளிச்சத்துக்கு வந்து ஆற்றைக் கடந்து மறுபடி மண்ணுக்குள் புகுவதும் ஒரே பார்வையில் தெரியும்.

பாலத்தைக் கடந்து சில நிமிடங்கள் நடந்தால் காந்தா மியோஜின் கோயில் வருகிறது. மரபு வழிக் கணக்கின்படி 730-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இக்கோயிலின் மூன்று தெய்வங்களுள் ஒருவர் செல்வத்துக்குரிய தாய்கோகு. இந்தியாவின் மகாகாளன் பௌத்தத்தின் வழியே சீனம் கடந்து ஜப்பானுக்கு வந்து, அந்நாட்டின் பழைய தெய்வம் ஒன்றோடு கலந்து, மூட்டை சுமந்து சிரிக்கும் வடிவமாக மாறிய நெடும் பயணத்தின் விளைவே அவர். அகிஹாபராவின் வணிகர்களுக்குக் காவல் தெய்வக் கோயிலாக இது விளங்குவதால், கணினியும் தரவும் பழுதின்றி இருக்க வேண்டும் என்பதற்கென்றே ஒரு காப்புச் சீட்டு இங்கே வழங்கப்படுகிறது. மின்சுற்றுப் பலகை போன்ற ஓவியத்தோடு அமைந்த அந்தச் சீட்டைப் புதுக் கருவி வாங்குவோர் பலரும் வாங்கிச் செல்கின்றனர்.

கோயிலின் கிழக்குப் பக்கம் செங்குத்தாக இறங்கும் கற்படிகளின் அடியில் அகிஹாபராவின் பின்தெருக்கள் தொடங்குகின்றன. இந்த இடத்தின் பெயரே நெருப்போடு தொடர்புடையது. 1869-இல் பெருந்தீயில் எரிந்த இப்பகுதியை மெய்ஜி அரசு வெற்றிடமாக விட்டு, தீத்தடுப்புக் கோயில் ஒன்றை எழுப்பியது; மக்கள் அதைத் தாங்கள் ஏற்கெனவே அறிந்திருந்த தீத்தடுப்புத் தெய்வமான அகிபாவின் கோயிலாகக் கருதி, அவ்வெளியை அகிபாவின் வெளி என்று அழைக்கத் தொடங்கினர். 1890-இல் சரக்கு நிலையமாகத் திறக்கப்பட்ட இரயில் நிலையம் அப்பெயரைத் தாங்கிக்கொண்டது. போர் முடிந்தபின், அருகிலிருந்த மின்பொறியியல் கல்லூரி மாணவர்கள் வானொலி செய்து விற்றுப் பிழைத்ததால் காந்தாவின் சாலையோரங்களில் வானொலி உதிரிக் கடைகள் பெருகின. 1949-இல் நேசநாட்டு நிருவாகம் தெருக்கடைகளை அகற்றும் ஆணையைப் பிறப்பித்தபோது, அக்கடைகள் சோபு தடத்தின் மேம்பாலத்துக்கு அடியில் குடியேறின. இன்றைக்கு அகிஹாபராவில் நிற்கும் எல்லா உயர்ந்த கட்டடங்களுக்கும் அந்தப் பாலத்தடிப் பெட்டிக்கடைகளே மூத்தவை.

பின்தெருக்களில் முதலில் கண்ணில் படுபவை பழைய பொருள் விற்கும் கடைகள். ஜன்பாரா, சோஃப்மாப், இயோசிஸ் போன்ற பெயர்களில் இயங்கும் இக்கடைகள், தமிழ்நாட்டு வாசகர் மனத்தில் பழைய பொருள் என்றதும் எழும் குவியலான தோற்றத்துக்கு முற்றிலும் மாறானவை. ஒவ்வொரு கருவியும் துடைக்கப்பட்டு, நெகிழி உறையிலிட்டு, அதன் கீறல், குறை, உடன் வரும் துணைப்பொருள் ஆகியவை எழுதப்பட்ட சீட்டோடு வைக்கப்பட்டிருக்கும். திறக்கப்பட்டும் பயன்படுத்தப்படாதது, நன்னிலையில் உள்ளது, தேய்மானம் கண்டது என்று தரம் பிரிக்கப்பட்ட வரிசையின் கடைசியில் ஜங்க் என்னும் வகை வரும். வேலை செய்யும் என்ற உறுதி எதுவும் இல்லாமல், திருப்பித் தரும் உரிமையும் இல்லாமல் விற்கப்படும் பொருள் என்பதே அச்சொல்லுக்கு இங்குள்ள பொருள். மொழி தெரியாத பயணி முதலில் கற்க வேண்டிய சொல்லும் அதுவே. பழைய பொருளை வாங்கும் கடைக்காரர், விற்பவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று 1949-ஆம் ஆண்டின் பழம்பொருள் வணிகச் சட்டம் விதிப்பதால், திருட்டுப் பொருள் என்ற ஐயம் இங்கே பெரிதும் குறைகிறது.

இக்கடைகளில் அதிகம் தென்படும் மலிவு ஹெட்செட், 2020 அக்டோபர் 13-இல் வெளியான குவெஸ்ட் 2. வெளியானபோது சுமார் 37,000 யென் விலையில், கணினியின் துணையின்றித் தானாக இயங்கும் கருவியாக வந்த இது, மெய்நிகர் விளையாட்டைச் செல்வர் வீட்டு அறையிலிருந்து மாணவர் விடுதி அறைக்குக் கொண்டுவந்தது என்றால் மிகையாகாது. 2022 ஆகஸ்டில் அதன் விலை ஜப்பானில் 59,400 யென்னாக உயர்த்தப்பட்டபோது, பழைய பொருள் சந்தை இன்னும் சூடுபிடித்தது. எனினும், பழைய ஹெட்செட் வாங்குவதில் பழைய கைப்பேசி வாங்குவதில் இல்லாத சில இடர்கள் உள்ளன. வில்லைகள் உருப்பெருக்கிகள் என்பதால், கருவி சில நிமிடங்கள் சன்னல் வெயிலில் கிடந்தாலும் சூரிய ஒளி குவிந்து உள்ளிருக்கும் திரையைச் சுட்டுவிடும். திரையை வெண்மையாக ஒளிரவிட்டுப் பார்க்கும்போது மஞ்சள் அல்லது கரும் புள்ளி தெரிந்தால், அது துடைத்தால் போகும் தூசியன்று, வெந்த வடு. கையில் பிடிக்கும் கட்டுப்படுத்தியின் சிறு குச்சி, தொடாமலே ஒரு பக்கம் நகர்வதும் பழமையின் அடையாளம். முகத்தைத் தொடும் நுரைப்பட்டையை எந்நிலையிலும் புதிதாக மாற்றிக்கொள்வதே முறை. குவெஸ்ட் 2-இன் முதல் நுரைப்பட்டை சிலருக்குத் தோலில் எரிச்சலை உண்டாக்கியதால் 2021-இல் அதன் விற்பனை சிறிது காலம் நிறுத்தப்பட்டு, சிலிகோன் உறை இலவசமாக அனுப்பப்பட்டது. ஆகவே பழைய கருவி வாங்குவோர் அந்த உறை உடன் வருகிறதா என்று கேட்டுப் பெற வேண்டும்.

அதே பின்தெருக்களில், குறுகிய படிகளின் வழியே ஏறிச் செல்லும் சூப்பர் பொட்டேட்டோ என்னும் பழைய விளையாட்டுக் கருவிக் கடைக்குள் நுழைவது, மலிவு ஹெட்செட்டைத் தேடுபவருக்குத் திசைதிருப்பம் போலத் தோன்றலாம். ஆனால் இந்த நடையில் மிகவும் பயன் தரும் நிறுத்தம் அத்தகைய பழங்கடைதான். கருவிகளின் கடந்த காலத்தைப் பேணும் இவ்வுலகில் பேசப்படும் பொருள்களுள் ஒன்று, 1995 ஜூலை 21-இல் நின்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் 15,000 யென்னுக்கு வெளியிட்ட விர்ச்சுவல் பாய். அதை வடிவமைத்த குன்பெய் யோகோய், புதிதாக வந்த விலையுயர்ந்த நுட்பத்தைத் துரத்துவதைவிட, நன்கு முதிர்ந்து விலை குறைந்துவிட்ட நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்னும் கொள்கை உடையவர். கேம் பாய் என்னும் கையடக்கக் கருவியின் வெற்றி அக்கொள்கையின் வெற்றியே. விர்ச்சுவல் பாயிலும் அவர் அதையே கையாண்டார். விலையும் மின்செலவும் குறைவு என்பதால் கண்ணொன்றுக்குச் சிவப்பு ஒளிடையோடுகளின் ஒற்றை வரிசை மட்டும் பயன்படுத்தப்பட்டது. வேகமாக அதிரும் ஆடி ஒன்று அந்த வரிசையை விரித்து முழுப் படமாகக் கண்ணுக்குக் காட்டியது. எல்லாப் படங்களும் கருப்புப் பின்னணியில் சிவப்பாகவே தெரிந்தன. தலையில் கட்டிக்கொள்ளும் பட்டை கைவிடப்பட்டு, மேசைமேல் நிற்கும் கால்களில் கருவி பொருத்தப்பட்டதால், ஆடுபவர் குனிந்து முகத்தை அதற்குள் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தலையசைவைக் கருவி அறியவே இல்லை. மொத்தம் 22 விளையாட்டுகளோடு, ஓராண்டு நிறைவதற்குள் ஜப்பானில் அதன் கதை முடிந்தது.

அந்தத் தோல்வியிலிருந்து, முதிர்ந்த நுட்பமே தவறு என்ற முடிவுக்கு வருவது பொருந்தாது. 2024 அக்டோபர் 15-இல் ஜப்பானில் 48,400 யென் வெளியீட்டு விலையோடு வந்த குவெஸ்ட் 3எஸ், அதே கொள்கையின் வேறொரு பயன்பாடுதான்: கண்ணொன்றுக்கு 1832-க்கு 1920 புள்ளிகள் கொண்ட திரை அளவும் வில்லை வகையும் 2020-ஆம் ஆண்டின் குவெஸ்ட் 2-இலிருந்து வந்தவை; சில்லும் சுற்றுப்புறத்தை வண்ணத்தில் காட்டும் கேமராக்களும் 2023-இல் விலை கூடிய குவெஸ்ட் 3-ஓடு வந்தவை. பழைய கண்ணும் புதிய மூளையும் சேர்ந்த கருவி என்று அதைச் சொல்லலாம். மலிவுக் கருவி ஒவ்வொன்றும் ஏதோ ஓர் உறுப்பில் பழையதாகவே இருக்கும். ஆகவே எந்த உறுப்பு பழையதாக இருந்தால் உடல் பொறுத்துக்கொள்ளும், எது பழையதாகவோ பொருத்தமற்றதாகவோ இருந்தால் உடல் மறுத்துவிடும் என்று பிரித்தறிவதே வாங்குபவர் செய்ய வேண்டிய ஆராய்ச்சி. படப்புள்ளிகள் சற்றுக் குறைவாக இருப்பதைக் கண் ஒரு மணி நேரத்தில் மன்னித்துவிடுகிறது. கண்ணுக்கு நேரே அமையாத வில்லையையும், நெற்றியை அழுத்தும் எடையையும், அசைவுக்குப் பின்தங்கி வரும் காட்சியையும் அது மன்னிப்பதில்லை.

நிலையத்தின் கிழக்குப் புறத்தில் 2005 செப்டம்பர் 16-இல் திறக்கப்பட்ட யோதோபாஷி அகிபா என்னும் பேரங்காடிக்கு இப்போது நடையைத் திருப்ப வேண்டும். சுகுபா விரைவு இரயில் தொடங்கிய மறுமாதமே திறக்கப்பட்ட இக்கட்டடம், சிறுகடைகளின் அகிஹாபராவை ஒரே கூரையின்கீழ் மாடி மாடியாக அடுக்கி வைத்தது போன்றது. இத்தகைய பேரங்காடிகளில் அணிந்து பார்ப்பதற்கென ஹெட்செட்டுகள் வைக்கப்படுவது வழக்கம். ஒருவர் முகத்து வியர்வை இன்னொருவர் முகத்தில் படாதிருக்க, கண்பகுதி மட்டும் வெட்டப்பட்ட மெல்லிய முகமூடி ஒன்று தரப்படுவதும் ஜப்பானில் பரவிய பழக்கம். நிஞ்சா முகமூடி என்றே அதற்குப் பெயர்.

அணிந்து பார்ப்பவர் முதலில் அறிந்திருக்க வேண்டியது, தம் இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை. கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு அளவெடுக்கும்போது குறிக்கப்படும் அதே எண்தான் அது. வீட்டில் நிலைக்கண்ணாடி முன் அளவுகோலைப் பிடித்தும் ஏறத்தாழ அறியலாம். வளர்ந்தவர்களின் சராசரி சுமார் 63 மில்லிமீட்டர். பெண்களின் சராசரி ஆண்களைவிட ஓரிரு மில்லிமீட்டர் குறைவு. குவெஸ்ட் 2, குவெஸ்ட் 3எஸ் ஆகிய இரண்டிலும் வில்லைகளை 58, 63, 68 மில்லிமீட்டர் என மூன்று நிலைகளில் மட்டுமே நிறுத்த முடியும். 63 அளவுள்ளவருக்கு இம்மலிவுக் கருவி விலையுயர்ந்த கருவிக்கு நிகராகவே அமையும். 65 அல்லது 66 அளவுள்ளவருக்கோ எந்த நிலையும் முழுதாகப் பொருந்தாமல், கண் களைக்கக்கூடும். 2022-இல் 49,000 யென்னுக்கு வந்த பிக்கோ 4, உள்ளிருக்கும் மோட்டாரால் வில்லைகளை 62 முதல் 72 வரை நுட்பமாக நகர்த்தும் வசதி உடையது. ஆனால் 62-க்குக் குறைவான அளவுள்ளவர்களை, அதாவது பெண்களில் பெரும் பகுதியினரை, அது கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. இதைக் குறையென்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் உரியது என்று விற்கப்படும் ஒரு கருவி, கண்ணளவில் மனிதரைப் பாகுபடுத்துவது சிறிய செய்தியன்று. கடைச் சீட்டில் படப்புள்ளிகளின் எண் பெரிதாகவும் இந்த எண் கண்ணுக்கே தெரியாமலும் அச்சிடப்படுவது வாங்குபவருக்கு இழைக்கப்படும் அநீதி.

வில்லையின் வகையும் இங்கேயே சோதிக்கத்தக்கது. கலங்கரை விளக்கங்களுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு இயற்பியலர் ஃபிரெனல் உருவாக்கிய வில்லை, தடித்த கண்ணாடியை வட்ட வட்டமான வரம்புகளாக வெட்டி மெலிதாக்கியது. மலிவானது, எடை குறைந்தது, ஒளியை வீணாக்காதது; ஆனால் இருண்ட காட்சியில் வெள்ளை எழுத்து வந்தால் அவ்வரம்புகள் ஒளியைச் சிதறடித்து, எழுத்திலிருந்து கதிர்கள் கிளம்புவது போலக் காட்டும்; மேலும் நடுப்பகுதி மட்டுமே கூர்மையாக இருப்பதால், கண்ணை ஓரத்துக்கு உருட்டாமல் தலையையே திருப்பிப் பார்க்கும் பழக்கம் தேவைப்படும். குவெஸ்ட் 3எஸ்ஸில் உள்ளது இவ்வகை. பிக்கோ 4-இலும் குவெஸ்ட் 3-இலும் உள்ள பான்கேக் வில்லை, ஒளியைத் தன் அடுக்குகளுக்கிடையே முன்னும் பின்னும் மடித்து அனுப்புவதால், திரையைக் கண்ணுக்கு மிக அருகில் வைக்க முடிகிறது; கருவி மெலிகிறது, ஓரம் வரை எழுத்து தெளிகிறது, ஆயினும் ஒளியின் பெரும் பகுதி உள்ளேயே தொலைகிறது. வாள்வீச்சுப் பந்தயம் போன்ற வேகமான ஆட்டங்களை மட்டும் ஆடுபவருக்கு முதல் வகை போதும். எழுத்து நிறைந்த காட்சிகளையும் விமான ஓட்டல் போன்ற ஆட்டங்களையும் நாடுபவர் இரண்டாம் வகைக்கு மேலும் கொஞ்சம் பணம் சேர்ப்பது தகும்.

எடையைப் பொறுத்தவரை, எண்ணைவிட எடை எங்கே நிற்கிறது என்பதே பெரிது. குவெஸ்ட் 3எஸ் 514 கிராம்; பிக்கோ 4 பட்டையோடு 586 கிராம். ஆயினும் பிக்கோவின் மின்கலம் பிடரிப் பக்கம் அமைந்திருப்பதால் எடை இருபுறமும் சமமாகப் பகிரப்பட்டு, கூடிய எடை குறைந்தது போலத் தோன்றும். குவெஸ்ட் 3எஸ்ஸின் துணிப்பட்டையோ எடையின் பெரும் பகுதியை முகத்தில் தொங்கவிடுகிறது. கடையில் இரண்டு நிமிடம் அணிந்து பார்ப்பதில் இவ்வேறுபாடு தெரியாது. பத்து நிமிடமாவது அணிந்து, குனிந்து நிமிர்ந்து, தலையை விரைவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்போது தோன்றக்கூடிய காட்சி மயக்கத்துக்கு ஜப்பானியர் விஆர் யோய் என்று பெயரிட்டுள்ளனர். மது வெறிக்கும் படகுக் குமட்டலுக்கும் பேருந்துத் தலைசுற்றலுக்கும் பொதுவான சொல் யோய். கண் காணும் அசைவும் உட்செவியின் சமநிலை உறுப்பு உணரும் அசைவும் ஒத்துப்போகாதபோது தோன்றும் முரண்பாடே இவை அனைத்துக்கும், மது நீங்கலாக, அடிப்படை என்பதை அச்சொல்லே நினைவூட்டுகிறது.

கம்பியில்லா என்ற அடைமொழிக்கு இத்துறையில் இரண்டு பொருள்கள் உண்டு. விளம்பரங்கள் இரண்டையும் குழப்புவதால் பலர் ஏமாற்றம் அடைகின்றனர். கருவிக்குள்ளேயே சில்லும் நினைவகமும் இருந்து, ஆட்டம் முழுதும் அதற்குள்ளேயே நடப்பது முதல் பொருள். கணினியில் நடக்கும் ஆட்டத்தின் காட்சி, வைஃபை வழியாகத் தலையில் உள்ள கருவிக்கு அனுப்பப்படுவது இரண்டாம் பொருள். இரண்டாவதின் அருமையை உணர ஒரு சிறு கணக்குப் போதும். கண்ணொன்றுக்கு ஏறத்தாழ 35 இலட்சம் புள்ளிகள், இரு கண்ணுக்கும் 70 இலட்சம். புள்ளி ஒன்றுக்கு 24 பிட், விநாடிக்கு 90 படம் என்று பெருக்கினால், விநாடிக்கு 1,500 கோடி பிட்டுக்கு மேல் வருகிறது. வீட்டு வைஃபையில் இதை அப்படியே அனுப்ப இயலாது; ஆகவே கணினி ஒவ்வொரு படத்தையும் நூறில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கி, விநாடிக்கு 10 முதல் 20 கோடி பிட்டாக அனுப்ப, கருவி அதை விரித்துக் காட்டுகிறது. சுருக்குவது, அனுப்புவது, விரிப்பது ஆகிய மூன்றும் சேர்ந்து விநாடியில் இருபதில் ஒரு பங்கு வரை காலத்தை விழுங்கிவிடுகின்றன. அந்த இடைவெளியில் தலை திரும்பியிருக்கும் என்பதால், கருவி கடைசியாக வந்த படத்தைத் தலையின் இப்போதைய திசைக்கேற்ப நகர்த்திக் காட்டித் தாமதத்தை மறைக்கிறது. தலையசைவுக்கு இந்த உபாயம் பலிக்கும். கையால் வீசும் வாளுக்குப் பலிக்காது. ஆதலால் தாளத்துக்கு ஏற்ப வெட்டும் பீட் சேபர் போன்ற ஆட்டங்களைக் கருவிக்குள்ளேயே நிறுவி ஆடுவதும், மெதுவாக நகரும் பெரிய ஆட்டங்களைக் கணினியிலிருந்து வரவழைப்பதும் அறிவார்ந்த பிரிவினை.

யோதோபாஷியின் ரூட்டர் விற்கும் பகுதியில் நிற்கும்போது இக்கணக்கு நடைமுறையாகிறது. கணினி ரூட்டரோடு கம்பியால் இணைந்திருக்க வேண்டும், ரூட்டர் ஆடும் அறையிலேயே இருக்க வேண்டும், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அண்டை வீடுகளோடு பங்கிட நேரக்கூடாது என்னும் மூன்றும் நிறைவேறாவிட்டால், எந்த ஹெட்செட்டும் திக்கித் திணறும். சுவரோடு சுவர் ஒட்டிய டோக்கியோ குடியிருப்புகளில் மூன்றாவது கடினம். 2022 செப்டம்பரில் ஜப்பான் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வைஃபைக்குத் திறந்துவிட்டபின், அதை ஏற்கும் குவெஸ்ட் 3, குவெஸ்ட் 3எஸ் ஆகியவை ஆளில்லாத சாலையில் ஓடும் வண்டி போல ஆயின. குவெஸ்ட் 2-க்கும் பிக்கோ 4-க்கும் அவ்வசதி இல்லை. ஹெட்செட்டுக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை ரூட்டருக்கு மாற்றுவது பலருக்கு வீண் செலவாகத் தோன்றினும், கணினி வழி ஆடுபவருக்கு அதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை. ஜப்பானில் விற்கப்படும் ஒவ்வொரு கம்பியில்லாக் கருவியும் கிதேகி என்னும் தகுதிச் சின்னத்தை, வட்டத்துக்குள் மின்னல் கீற்றோடு கூடிய அஞ்சல் குறியை, தாங்கியிருக்க வேண்டும் என்பதும் இங்கே குறிக்கத்தக்கது. வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட மலிவுக் கருவியில் அச்சின்னம் இல்லையெனில், அங்கே வசிப்பவர் அதை இயக்குவது சட்டப்படி குற்றமாகும்.

கண்ணின் மேல் இவ்வளவு கவனம் செலுத்தியவர்கள் காதை மறந்துவிடுவதுண்டு. அகிஹாபராவில் உள்ள ஈ-இயர்ஃபோன் என்னும் கடை, காதில் அணியும் கருவிகளுக்கென்றே நடத்தப்படுவது. ஆயிரக்கணக்கான மாதிரிகளை எடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். ஓசை எங்கிருந்து வருகிறது என்பதை மூளை அறியும் வழிகளுள் ஒன்று, அது ஒரு காதுக்கும் மறு காதுக்கும் வந்து சேரும் காலத்தில் உள்ள வேறுபாடு. அவ்வேறுபாடு மிகுந்த அளவிலும் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கை எட்டுவதில்லை. அத்தனை நுட்பமான செவியிடம் புளூடூத் இயர்ஃபோனைக் கொடுத்தால், ஓசை விநாடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ பின்தங்கி வருகிறது. விநாடியில் ஏழில் ஒரு பங்கு தாமதம் என்பது, ஐம்பது மீட்டர் தள்ளி நின்று தவில் கேட்பதற்கு ஒப்பு: குச்சி தோலில் விழுவதைக் கண் முதலில் காணும், ஒலி பிறகு வரும். ஒலிவாங்கியையும் சேர்த்துப் பயன்படுத்தினால் புளூடூத் தொலைபேசி முறைக்கு மாறி, ஓசையின் தரம் மேலும் தாழும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தனி ஏற்பியோடு வரும் விளையாட்டு இயர்ஃபோன்களில் இத்தாமதம் உணர முடியாத அளவுக்குக் குறைகிறது. ஆனால் அந்த ஏற்பி ஹெட்செட்டின் ஒரே யூஎஸ்பி-சி துளையை அடைத்துக்கொள்ளும் என்பதால், மின்னேற்றக் கம்பியையும் ஏற்கும் ஏற்பியைத் தேர்வது முறை. குவெஸ்ட் 3-இல் 3.5 மில்லிமீட்டர் செவித்துளை உண்டு. குவெஸ்ட் 3எஸ்ஸிலும் பிக்கோ 4-இலும் இல்லை. குறைந்த பணத்தில் தொடங்குபவர், பட்டையிலேயே அமைந்த ஒலிபெருக்கியோடு சில வாரம் ஆடிய பின் முடிவெடுப்பது நல்லது.

டோக்கியோவில் இக்கருவிகளின் வாழ்க்கையை அறிய, அவை போய்ச் சேரும் அறையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆறு பாய் அறை என்று வழங்கும் வழக்கமான வாடகை அறை, பழைய எடோ அளவில் சுமார் 2.6 மீட்டருக்கு 3.5 மீட்டர். நின்று ஆடுவதற்கு 2 மீட்டருக்கு 2 மீட்டர் வெற்றிடம் வேண்டும் என்று பரிந்துரைக்கப்படுவதால், கட்டிலும் மேசையும் போக அவ்விடம் கிடைப்பது அரிது. உட்கார்ந்தபடியே பிறரோடு கூடிப் பேசும் விஆர்சாட் போன்ற உலகங்கள் ஜப்பானில் இத்தனை பேரை ஈர்த்ததற்கு, இந்த அறைகளின் சிறுமையும் ஒரு காரணம் என்று கொள்வது தவறாகாது. 2021 டிசம்பரில் நடந்த மெய்நிகர் சந்தை நிகழ்வுக்காக அகிஹாபராவின் தெருவையே மெய்நிகராகக் கட்டி எழுப்பினர். இந்தத் தெருவில் வாங்கிய கருவியை அணிந்து இதே தெருவுக்குள் நுழைய அப்போது முடிந்தது.

நடையின் இறுதி இடம், நிலையத்தின் மேற்கு வாயிலை ஒட்டி, சோபு தடத்தின் அடியில் இருக்கும் ரேடியோ சென்டர். 1949-ஆம் ஆண்டின் ஆணையால் தெருவிலிருந்து வந்தவர்களின் கடைகள் இங்கேதான் குடிபுகுந்தன. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகளில், இரண்டு பாய் அகலமே உள்ள கடைகள், மின்தடையும் விளக்கும் விசையும் இணைப்பானும் நிறைந்த சிறு பெட்டிகளுக்கு நடுவே ஒருவர் உட்காரும் இடத்தோடு இன்றும் இயங்குகின்றன. துணிப்பட்டையுள்ள மலிவு ஹெட்செட்டின் முன்பாரத்தைச் சரிசெய்ய, பயன்படுத்துவோர் தாங்களே கண்ட வழி ஒன்று உண்டு: கைக்கடக்கமான மின்சேமிப்பு வங்கி ஒன்றைப் பட்டையின் பின்புறம் கட்டி, குறுகிய கம்பியால் கருவியோடு இணைப்பது. பிடரியில் எதிர்எடை அமைகிறது. இரண்டரை மணி நேரத்துக்குள் ஓயும் மின்கலத்தின் ஆயுளும் நீள்கிறது. அதற்கு வேண்டியது, கன்னத்தில் உரசாமல் பக்கவாட்டில் வளையும் எல் வடிவ இணைப்பானும், முழங்கை நீளக் கம்பியும். இதுபோன்ற சிறு உறுப்புகளை நீளமும் கோணமும் சொல்லித் தேடும் இடம் இத்தகைய சந்து. விமானத்தில் திரும்பும் பயணி, அந்த மின்சேமிப்பு வங்கியைப் பெட்டியோடு அனுப்பாமல் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கருவியோடு சேராத லித்தியம் மின்கலத்தைச் சரக்குப் பெட்டியில் அனுப்ப அனுமதியில்லை. தலைக்கு மேலே சோபு தடத்தின் மஞ்சள் பட்டையிட்ட இரயில் கடக்கும்போது, கண்ணாடிப் பெட்டிகளில் உள்ள இணைப்பான்கள் மெல்ல அதிர்கின்றன. மாலை சாய்ந்ததும், பெருங்கடைகளின் விளக்குகள் எரியத் தொடங்கும் நேரத்தில், இங்குள்ள கதவுகள் ஒவ்வொன்றாக இறக்கப்படுகின்றன.